மெரினா வானமும் மெரினா மணலும்

சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று விமானப் படையின் வான் சாகசக் காட்சியைப் பார்த்துவிட்டு நாங்கள் நால்வர் ஊர் திரும்பியபோது, வகுப்பில் எங்களைச் சூழ்ந்துகொண்டு தோழியர் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை. ரஃபேல் எப்படி இருந்தது? காது அடைத்ததா? விமானி தெரிந்தாரா? நாங்களும் கைகளை விமானமாக்கிப் பறந்து பறந்து சொன்னோம். ஆனால், அன்று நாங்கள் சொன்னது பாதிக் கதைதான். வானத்துக் கதையைச் சொன்னோம். மணலின் கதையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டார் எங்களை இனி எங்கும் அனுப்பமாட்டார்கள் என்ற பயம் ஒன்று. எங்களுக்கே அதை நினைக்கப் பிடிக்கவில்லை என்பது மற்றொன்று. நம் பள்ளி ஆண்டு மலரில் எழுத இடம் கிடைத்திருப்பதால் அந்த மறுபாதியையும், அது பற்றி எங்கள் கருத்தையும் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் நால்வரில் ஒருத்தி விமானப் பைத்தியம். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வாள். ஆகவே ‘விமானக்காரி’ என்றே வைத்துக்கொள்வோம். அவள் வீடு பல்லடம் சாலையில் இருக்கிறது. நிட்டிங் மிஷின் ஓடும் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அந்தச் சத்தத்தையும் மீறி வானத்தில் ஒரு முழக்கம் கேட்டால் போதும், புத்தகத்தைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள். பல்லடத்திலிருந்து கோயம்புத்தூர் செல்லும் சாலையில், காங்கயம்பாளையத்தருகே உள்ள சூலூர் விமானப் படைத் தளம் நமக்கு எவ்வளவு பக்கம் என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே விமானங்கள் இறங்கிய இடம் அது. நம் நாட்டுக் கடற்படையின் விமானத் தளமான ‘ஐ.என்.எஸ். ஹன்சா’ 1961 செப்டம்பரில் தொடங்கப்பட்டதும் அங்கேதான். பிறகுதான் அது கோவாவுக்குப் போயிற்று. உள்நாட்டில் வடிவமைக்கப்பட்ட தேஜஸ் விமானங்களின் முதல் படைப்பிரிவான 45-ஆம் ஸ்குவாட்ரன் 2018-இல் பெங்களூரிலிருந்து சூலூருக்கு வந்தது. இவையெல்லாம் விமானக்காரி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடங்கள். வரலாற்றுப் பாடத்தில் அவள் மதிப்பெண் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

2024 ஆகஸ்டில் ‘தரங் சக்தி’ என்னும் பன்னாட்டு விமானப் படைப் பயிற்சியின் முதற்கட்டம் சூலூரில் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நாடுகளின் விமானங்கள் வந்திருந்தன. அந்த ஒரு வாரமும் விமானக்காரியின் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஆளில்லை. முக்கோண இறக்கையும் மூக்கருகே இரு சிறு இறக்கைகளும் கொண்ட டைஃபூன் எது, அதே சாயலில் இருக்கும் ரஃபேல் எது, வாலில் கிடைமட்ட இறக்கையே இல்லாத நம் தேஜஸ் எது என்று நாங்களும் கற்றுக்கொண்டோம். பொட்டுப் போலத் தெரியும் ஒன்றைக் காட்டி, “அதோ, வலப்பக்கம் சாய்கிறது பார்!” என்பாள். நாங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் விமானம் போய்விடும்; ஓசை மட்டும் பின்னால் வரும்.

ஆகவே, மெரினாவில் 72 விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பறக்கும், அனுமதி இலவசம் என்ற செய்தி வந்ததும் அவளை வீட்டில் பிடித்து வைக்க யாராலும் முடியவில்லை. மெரினாவில் இத்தகைய காட்சி 21 ஆண்டுகளுக்குப் பின் நடக்கப் போகிறது என்றும் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மாயி, “ஏனுங் கண்ணு, பொட்டப் புள்ளைக இத்தன தொலவு போயி ஏரோப்ளேன் பாக்கோணுமாக்கும்? மேல போறதத்தான் இங்கயே பாக்கறீங்களே!” என்றார். அதற்கு விமானக்காரி சொன்ன பதில் எங்களுக்குப் பிடித்திருந்தது. “மேலே போறவங்கள்லயும் பொட்டப் புள்ளைக இருக்காங்க அம்மாயி” என்றாள். உண்மைதானே! 2016 ஜூன் 18 அன்று அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்னும் மூவர் நம் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றார்கள். அவர்களுள் மோகனா சிங் 2024-இல் தேஜஸ் படைப்பிரிவிலும் சேர்ந்துவிட்டார். அம்மாயி இதைக் கேட்டுவிட்டு, “அப்பறம் அவிய வீட்டுல சோறு ஆக்கறது ஆரு?” என்று கேட்டது வேறு கதை.

விமானக்காரியின் அப்பாவும் அத்தையும் துணைக்கு வர, சனிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். மறுநாள் ஞாயிறு. திருப்பலியைத் தவறவிடக் கூடாது என்பது எங்கள் வீடுகளின் கட்டளை. அதற்கும் வழி இருந்தது. மெரினாவின் தென்கோடியிலேயே சாந்தோம் பேராலயம் இருக்கிறதே! புனித தோமையாரின் கல்லறை மேல் எழுந்த அந்த ஆலயத்தில் காலைத் திருப்பலி கண்டோம். முழங்காலிட்டிருந்த விமானக்காரி மணிக்கட்டுக் கடிகாரத்தை மூன்று முறை பார்த்ததை ஆண்டவர் மன்னிப்பாராக.

ஒன்பது மணிக்கெல்லாம் கலங்கரை விளக்கத்தின் அருகே மணலில் இடம் பிடித்துவிட்டோம். கெட்டிக்காரத்தனமாக முன்கூட்டியே வந்துவிட்டோம் என்று நினைத்தோம்; எங்களைப் போலவே நினைத்தவர்கள் பல்லாயிரம் பேர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணிக்குக் காட்சி தொடங்கியது.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி நாங்கள் வகுப்பில் சொன்னதை இங்கே மீண்டும் விரிக்கவில்லை. சிலவற்றை மட்டும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. சுகோய் விமானம், அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, காற்றில் உதிர்ந்த சருகு போலத் தலைகுப்புறச் சுழன்று, பிறகு ஒன்றுமே நடவாதது போல நேராகிப் போயிற்று. ரஃபேல் வந்தபோது சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. சூலூரின் ‘சாரங்’ குழு துருவ் ஹெலிகாப்டர்களில் வந்தது. சாரங் என்றால் மயில். ஹெலிகாப்டர்களின் மேலும் மயில்தான் தீட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்துச் சோளக்காட்டு மயில்களைத் துரத்தித் துரத்தி அலுத்த எங்களுக்கு, நம் ஊர்ப் பக்கத்து மயில்களுக்குச் சென்னையே கை தட்டியதைக் கண்டு சற்றே கர்வம் வந்தது. ‘சூர்யகிரண்’ குழுவின் ஒன்பது ஹாக் விமானங்கள் ஒன்றன் இறக்கையை மற்றொன்று தொடுமோ என்று அஞ்சும்படி சில மீட்டர் இடைவெளியில் பறந்தன. ஒரு விமானம் போனதும் அடுத்தது எந்தத் திசையில் வரும் என்று விமானக்காரி சொல்வாள். சொன்ன திசையில் அது வரும். எல்லாம் வினாடிக் கணக்கு. ஒருவர் முந்தினால் ஆபத்து, பிந்தினாலும் ஆபத்து. அந்த ஒழுங்கைக் கண்டு எங்களுக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் நம்புங்கள்.

இனி மணலின் கதை.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டு போயிருந்தோம். பத்தரை மணிக்கே, அதாவது முதல் விமானம் வருமுன்பே, அது தீர்ந்துவிட்டது. வெயில் தலைக்கு நேராக இருந்தது. மணல் கீழிருந்து சுட்டது. குடை பிடித்தால் பின்னால் இருப்பவர் அதட்டுகிறார். குடையை மடக்கினால் அத்தைக்குத் தலை சுற்றுகிறது. தண்ணீர் விற்றவர்களிடம் சரக்கு தீர்ந்து போயிற்று. விற்றுக்கொண்டிருந்த ஓரிருவரும் கூட்டத்தினுள் நுழைய முடியாமல் தூரத்திலேயே நின்றார்கள். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், பேரனைத் தோளில் தூக்கி வைத்திருந்த ஒரு பெரியவர் மெல்ல மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். யாரோ விசிறினார்கள். அந்த நேரம் பார்த்து தேஜஸ் வந்தது. நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம். உட்கார்ந்து பார்த்தபோது பெரியவரை அங்கே காணவில்லை. யார் தூக்கிப் போனார்கள், எங்கே போனார்கள், அவர் பிழைத்தாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தக் கைதட்டல்தான் நாங்கள் வகுப்பில் சொல்லாமல் விட்டது.

ஒரு மணிக்குக் காட்சி முடிந்தது. வந்தவர்கள் காலையில் ஐந்து மணி நேரமாகச் சிறுகச் சிறுக வந்தார்கள். போகும்போது எல்லாரும் ஒரே நிமிடத்தில் எழுந்தார்கள். நாங்கள் நடக்கவில்லை; கூட்டம் எங்களை நடத்திச் சென்றது. அத்தையை நடுவில் விட்டு நாங்கள் நால்வரும் கை கோத்துக்கொண்டோம். வியர்வையில் கை நழுவியது. எப்படியோ கரையோரமாக ஒதுங்கி நொச்சிக்குப்பத்துப் பக்கம் வந்து சேர்ந்தோம். அங்கே வலை காயும் இடத்தில் நிழல் தேடி உட்கார்ந்த எங்களைப் பார்த்துவிட்டு, மீன் கூடையை அலம்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா, “இன்னாம்மா, ஏரோப்ளேன் பாக்க வந்தீங்களா? மூஞ்சியெல்லாம் சுண்டிப் போச்சே, குட்சிட்டுப் போங்க” என்று பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்தார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் ஊற்றினார். குடம் காலியானதும் மகளை அழைத்து இன்னொரு குடம் கொண்டுவரச் சொன்னார். சென்னையில் தண்ணீர்க் குடத்தின் விலை என்ன என்று நமக்குத் தெரியும். நல்ல சமாரியர் உவமையை நம் மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அவர் கையில் மீன் வாசனை இருக்கும் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

இரவு ரயிலில் ஏறிய பிறகுதான் விமானக்காரியின் அப்பா கைபேசியில் செய்தியைப் படித்தார். படித்துவிட்டு எங்களுக்குச் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டார். காலையில் திருப்பூரில் இறங்கியபோது பத்திரிகைக் கடையில் நாங்களே பார்த்தோம். மெரினாவுக்கு வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். நூற்றுக்கும் அதிகமானோர் மயங்கி விழுந்திருந்தார்கள். கூட்டம் 15 லட்சம் இருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்ச ரூபாய் அறிவிக்கப்பட்டது. பிறகு, யார் பொறுப்பு என்று பெரியவர்கள் ஒருவரையொருவர் குறை கூறினார்கள். அந்த வழக்காடலுக்குள் நாங்கள் போகவில்லை. எந்த அலுவலகத்தின் தவறு என்று தீர்ப்புச் சொல்லப் பதினைந்து வயதுப் பெண்களுக்குத் தகுதி இல்லை. ஆனால், கேள்வி கேட்கத் தகுதி உண்டு என்று நினைக்கிறோம். வானத்தில் ஒரு விமானம் ஐந்து வினாடி பிந்தினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிட முடிந்த நாட்டில், மணலில் ஒரு மனிதருக்கு எத்தனை மடக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஏன் முன்கூட்டியே கணக்கிட முடியவில்லை?

இதை வகுப்பில் பேசியபோது சிலர், “தண்ணீரும் குடையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்களே! கொண்டுபோகாதது மக்கள் தப்பு” என்றார்கள். நாங்கள் கொண்டுபோனவர்கள். ஆகவே அந்த வாதம் எங்களிடம் செல்லாது. கணக்கையும் போட்டுப் பார்த்தோம். 15 லட்சம் பேருக்கு ஆளுக்கு ஒரே ஒரு லிட்டர் என்றால் 15 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் 125 லாரி. இது மலைப்பான எண்ணா? நம் ஊர்க்காரர்களைக் கேளுங்கள்! சாயப்பட்டறைகளுக்குச் சுற்று வட்டாரக் கிணறுகளிலிருந்து இரவு பகலாக டேங்கர் லாரிகள் ஓடிய காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். துணி நனைய அத்தனை லாரி ஓடிய நாட்டில், தொண்டை நனைய 125 லாரி ஓட முடியாதா? பெரும் கூட்டத்தில் லாரியை எங்கே நிறுத்துவது, வரிசையை எப்படி அமைப்பது என்பதெல்லாம் சிக்கல்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால், அது ஒன்பது விமானங்களை இறக்கை உரசாமல் பறக்கவிடுவதை விடச் சிக்கலா?

வானத்தின் ஒழுங்கும் சும்மா வரவில்லை என்று விமானக்காரி ஒரு நாள் விளக்கினாள். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ என்னுமிடத்தில் 1952 செப்டம்பர் 6 அன்று, ஜான் டெர்ரி என்பவர் ஓட்டிய விமானம் நடுவானில் உடைந்து கூட்டத்தின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த இருவரோடு பார்வையாளர் 29 பேரும் மாண்டார்கள். அதற்குப் பிறகே, பார்வையாளர்களுக்கும் பறக்கும் விமானத்துக்கும் இடையே இத்தனை மீட்டர் தூரம் இருக்க வேண்டும், இந்த உயரத்துக்குக் கீழே வரக் கூடாது என்று அங்கே கடுமையான விதிகள் வந்தன. ஜெர்மனியில் ராம்ஸ்டைன் தளத்தில் 1988 ஆகஸ்ட் 28 அன்று இத்தாலியக் குழுவின் விமானங்கள் மோதிக்கொண்டு, ஒன்று கூட்டத்தில் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். விதிகள் மேலும் இறுகின. ஆக, நாம் கை தட்டும் அந்த அழகிய ஒழுங்கின் ஒவ்வொரு மீட்டரும் யாரோ ஒருவர் உயிரின் விலை.

நம் நாட்டிலும் பாருங்கள். 2019 பிப்ரவரியில் பெங்களூரு எலஹங்காவில் ‘ஏரோ இந்தியா’ காட்சி. ஒத்திகையில் சூர்யகிரண் விமானங்கள் இரண்டு மோதி ஒரு விமானி உயிரிழந்தார். அது வானத்துத் துயரம். அதே வாரத்தில், வாகனங்கள் நிறுத்தும் திடலில் காய்ந்த புல்லில் தீப்பிடித்து ஏறத்தாழ 300 கார்கள் எரிந்து சாம்பலாயின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், காய்ந்த புல்லை வெட்டுவது என்ன ராக்கெட் விஞ்ஞானமா? வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் காலடியைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

நம் பனியன் கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். இது கட்டுரைக்கு வெளியே போவதாகத் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் அம்மாவோ அப்பாவோ டெய்லராக, கட்டிங் மாஸ்டராக, செக்கிங்கில், பேக்கிங்கில் இருப்பவர்கள். வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வருகிறது என்றால் வீட்டில் அம்மா முதல் நாளே சொல்வார். வருகிறவர்கள் தைத்த பீஸை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. குடிதண்ணீர் எங்கே, எத்தனை குழாய், கழிப்பறை எத்தனை பேருக்கு ஒன்று, அவசர வழி திறந்திருக்கிறதா அல்லது துணி மூட்டையால் அடைத்திருக்கிறதா, மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் எல்லாரும் வெளியே வருகிறார்கள் என்று நடந்து நடந்து பார்க்கிறார்கள். ஏன் இத்தனை கெடுபிடி? வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்களே, அதற்குப் பின் உலகமே விழித்துக்கொண்டது. இருநூறு பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு இவ்வளவு கேள்வி உண்டு. 15 லட்சம் பேர் கூடும் கடற்கரைக்கு ஓர் ஆடிட் உண்டா? எங்களில் ஒருத்தியின் அம்மா இதைக் கேட்டுவிட்டு, “அந்த ஆடிட்டர் மெரினாவுக்கு வந்திருந்தா கேட்டுலயே பெயில் பண்ணியிருப்பாருங்” என்றார். நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், மெரினாவோடு முடியவில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் கிரிக்கெட் வெற்றியைக் கொண்டாடக் கூடிய கூட்டத்தில் 11 பேர் நசுங்கி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று, நமக்கு அடுத்த ஊரான கரூரில், ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேர். அவர்களுள் குழந்தைகளும் உண்டு. ஃபார்ன்பரோ ஒரு முறை நடந்தது, விதி வந்தது. நமக்கு எத்தனை முறை நடக்க வேண்டும்?

எங்கள் சகோதரி ஒருவர் வேறொரு கேள்வி கேட்டார். “நீங்கள் அழகு என்று சொல்லும் அந்த விமானங்கள் எதற்காகச் செய்யப்பட்டவை என்று யோசித்தீர்களா, பிள்ளைகளே? குண்டு போடத்தானே?” என்றார். நாங்கள் வாயடைத்துப் போனோம். உண்மையைச் சொன்னால், மெரினாவில் அந்த எண்ணம் எங்களுக்கு வரவே இல்லை. கடலின் மேல் அது பறவையாகத்தான் தெரிந்தது. சகோதரியின் கேள்விக்கு இன்னும் எங்களிடம் முழு விடை இல்லை. ஆனால், ஒன்று சொல்வோம். வெள்ளத்தில் கூரை மேல் நின்றவர்களைக் கயிறு கட்டித் தூக்கியதும் அதே விமானப் படையின் ஹெலிகாப்டர்கள்தாம். மேலும், அந்தக் கருவிக்குள் இருப்பவர் மனிதர் என்பதை விமானக்காரி எங்களுக்கு மறக்கவிடுவதில்லை.

2025 நவம்பர் 21 அன்று அதை நாங்கள் இன்னும் நன்றாக அறிந்தோம். துபாய் விமானக் காட்சியில் பறந்துகொண்டிருந்த தேஜஸ் ஒன்று தரையில் மோதி, விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிர் நீத்தார். சூலூரில் பணியாற்றியவர். அவர் உடல் முதலில் சூலூருக்குத்தான் கொண்டுவரப்பட்டது. பிறகே சொந்த மாநிலமான இமாசலப் பிரதேசத்துக்குச் சென்றது. நாங்கள் மொட்டை மாடியிலிருந்து பொட்டாகப் பார்த்த விமானங்களில் ஏதோ ஒன்றில் அவரும் இருந்திருக்கலாம் அல்லவா? துபாயில் அதன் பின்னும் காட்சி தொடர்ந்து நடந்தது. அமெரிக்க எஃப்-16 குழுவினர் மட்டும், இறந்தவருக்கு மரியாதையாகத் தங்கள் கடைசி நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டார்கள் என்று விமானக்காரி படித்துச் சொன்னாள். மெரினாவில் அந்தப் பெரியவர் சரிந்தபோது எழுந்து நின்று கை தட்டியவர்கள் நாங்கள். அமெரிக்கக் குழுவின் செய்தியைக் கேட்டதும் எங்களில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

விமானம் ஓட்டுவோரின் பாதுகாவலி லொரேட்டோ அன்னை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாசரேத்தில் அன்னை வாழ்ந்த வீட்டை வானதூதர்கள் வான்வழியே தூக்கி வந்து இத்தாலியின் லொரேட்டோவில் வைத்தார்கள் என்பது மரபு. அதனால் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1920-இல் அன்னையை விமானப் பயணிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். திருநாள் டிசம்பர் 10. அன்று நாங்கள் பள்ளிச் சிற்றாலயத்தில் ஆறு மெழுகுவர்த்தி ஏற்றினோம். துபாயில் இறந்தவருக்கு ஒன்று; மெரினாவில் இறந்த ஐவருக்கு ஐந்து. லொரேட்டோ அன்னை பறப்பவர்களுக்குத்தானே பாதுகாவலி, மணலில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு யார் என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். கேள்வி நியாயம்தான். ஆனால், தண்ணீர்க் குழாய் போடும் வேலையைக்கூட வானதூதர்களிடம் விடலாகாது.

ஆகவே இத்தகைய காட்சிகளையே நிறுத்திவிடலாமா? சிலர் அப்படித்தான் எழுதினார்கள். நாங்கள் அதை ஏற்கமாட்டோம். டிக்கெட் வாங்க முடியாதவர்களும், விமானத்தில் ஒரு நாளும் ஏறப் போகாதவர்களும் அன்று மெரினாவில் இருந்தார்கள். பேரனைத் தோளில் ஏற்றி வந்த அந்தப் பெரியவர் வேடிக்கை பார்க்கவா வந்தார்? பேரனுக்கு வானத்தைக் காட்ட வந்தார். அதை அவரிடமிருந்து பறிப்பது சரியன்று. வேண்டுவது வேறு. 21 ஆண்டுக்கு ஒரு முறை ஒரே ஊரில், ஒரே நாளில், இரண்டே மணி நேரம் என்று வைத்தால் மாநிலமே அங்கே திரளத்தான் செய்யும். நாங்களும் திருப்பூரிலிருந்து போனோமே! சூலூர், தஞ்சாவூர், தாம்பரம் என்று தளங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு நாள் அந்தந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, முன்பதிவு செய்து, முறை வைத்து, ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்று காட்டலாம். உச்சி வெயிலுக்குப் பதில் காலை எட்டு மணிக்கு வைத்தால் விமானங்கள் கோபித்துக்கொள்ளுமா? நுழைவுச் சீட்டில் இருக்கையின் எண்ணோடு தண்ணீர்க் குழாய் இருக்கும் இடமும், வெளியேறும் வழியும் அச்சிட வேண்டும். போகும்போது எந்தப் பகுதி முதலில் எழுவது, எது பிறகு என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சூர்யகிரணுக்கு எண் உண்டல்லவா, ஒன்று முதல் ஒன்பது வரை? கீழே எங்களுக்கும் ஓர் எண் கொடுங்கள்; ஒழுங்காக நடக்கிறோம்.

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, நாங்கள் நால்வரும் கையெழுத்திட்டு, தலைமைச் சகோதரியின் அனுமதியோடு அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறோம். வேறு வகுப்பினரும் கையெழுத்திட விரும்பினால் நூலகத்தில் கடிதம் இருக்கிறது.

கடிதத்தை விமானக்காரி தன் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினாள். சூலூரில் கதவு திறந்தால் மறுபடியும் கூட்டிப் போவீர்களா என்று அப்பாவைக் கேட்டாள். நிட்டிங் மிஷினில் நூல் அறுந்ததை முடிந்துகொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. “போலாங் கண்ணு. தண்ணி எந்தப் பக்கம் வெப்பாங்கன்னு மொதல்ல கேட்டுக்க” என்றார்.